வெப்ப வசதியா, வெப்ப இதமா?

'தெர்மல் கம்ஃபர்ட்' என்பதை 'வெப்ப வசதி' என்று எழுதும் வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. "வெப்ப அலையின்போது பாதசாரிகளின் வெப்ப வசதியை மேம்படுத்த" என்று படித்தால், தெருவில் கணப்பு மூட்டப்போகிறார்களோ என்றுதான் தோன்றும்.

கிரேக்கத்தில் 'தெர்மே' வெப்பம். 'கம்ஃபர்ட்' லத்தீன் 'ஃபோர்ட்டிஸ்', அதாவது வலிமை, வழி வந்தது. வலுவூட்டல், ஆறுதல் என்று அலைந்து உடற்சுகத்தில் நின்றது. வேர் நமக்கு உதவாது. துறை தரும் வரையறை இது: சுற்றியுள்ள சூடு குளிர் பற்றி ஒருவர் மனம் கொள்ளும் நிறைவு.

நிழற்பந்தல், குடிநீர்க் குழாய், இருக்கை ஆகியவை வசதிகள். எண்ணலாம், ஒப்பந்தம் விடலாம். இதம் ஆளுக்குள் நிகழ்வது. காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம், கதிர்வீச்சு நான்கும் சூழலின் பங்கு. உடையும் உடலுழைப்பும் ஆளின் பங்கு. அதனால் ஒரே நிழலில் நிற்பவருக்கு இதமாக இருப்பது, மூட்டை சுமந்து நடப்பவருக்கு இராது. வசதி இருவருக்கும் ஒன்றே. "வசதியாக உட்காருங்கள் என்கிறோமே" என்பார்கள். அது 'தோதாக' என்ற பொருளில். 'வெப்ப' என்ற அடை சேர்ந்ததும் கழிப்பறை வசதி, போக்குவரத்து வசதி வரிசையில்தான் காது அதை உட்காரவைக்கும்.

'இதம்' வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள், 'வசதி'யும் வடமொழி 'வஸதி'தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். தனித்தமிழில் 'வெப்பநலம்' என்றால் உடல்நலத்தோடு குழம்பும். வெயிலில் புழுங்குபவர் எல்லாம் நோயாளி அல்லர். 'வெப்ப ஆறுதல்' என்பதோ துக்க வீட்டுச் சொல். தெளிவுக்கு 'வெப்ப இதம்' போதும். குளிரையும் பேசும் இடத்தில் 'தட்பவெப்ப இதம்'.

இதைவிட மோசம், சுற்றிலுமிருந்து உடல்மேல் விழும் வெயிலையும் சூட்டுக் கதிர்களையும் சேர்த்துச் சொல்லும் அளவான 'மீன் ரேடியன்ட் டெம்பரேச்ச'ரை 'சராசரி கதிரியக்க வெப்பநிலை' என்பது. கதிரியக்கம் யுரேனியத்தின் வேலை! வேண்டியது 'கதிர்வீச்சு'. வெட்டவெளி வெயிலில் இந்த அளவு காற்றின் வெப்பநிலையைவிட 20, 30 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கக்கூடும். பகலில் நடப்பவரின் இதத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வதும் அதுவே. வெள்ளை பூசிய சாலையில் தரை குளிர்ந்திருக்கும், ஆனால் தெறிக்கும் ஒளி நடப்பவர் மேல் விழுந்து இந்த அளவை ஏற்றிவிடலாம். தரைச்சூட்டு வண்ணப்படத்தைக் காட்டி "வெப்ப வசதி கூடியது" என்று எழுதுபவர், சொல்லோடு அளவீட்டையும் சேர்த்தே தவறவிடுகிறார்.