20 அகப்பைத் தண்ணீர், 12 சோதனை

இங்கிலாந்தில் குளத்தையொட்டி வீடு கட்டப் போகிறவர், அங்கே கிரேட் கிரெஸ்டட் நியூட் இருக்கிறதா என்று வழக்கமாக முதலில் பார்க்க வேண்டியிருக்கும். பார்வைக்குப் பல்லி, உறவில் தவளைக்கு நெருக்கம். சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிர். முன்பெல்லாம் இரவில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், பாட்டில் பொறி வைப்பார்கள், இலைகளில் முட்டை தேடுவார்கள். அதற்கு நான்கு முறையாவது போக வேண்டும். 2014 முதல், தோலும் சளியும் கழிவுமாக நியூட் நீரில் உதிர்க்கும் டி.என்.ஏ.வையும் நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு சான்றாக ஏற்கிறது.

நீர் எடுப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, அவை இனப்பெருக்கத்துக்காகக் குளத்தில் இறங்கியிருக்கும் பருவத்தில். கையுறை மாட்டிக்கொண்டு, கரையைச் சுற்றி 20 இடங்களில் 30 மில்லி அகப்பையால் மொண்டு ஒரே பையில் சேர்க்க வேண்டும். 35 மில்லி எத்தனால் உள்ள ஆறு குழாய்களில் தலா 15 மில்லி விட வேண்டும். டி.என்.ஏ. அடியில் இறங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு குழாய்க்கு முன்பும் பை நீரைக் கலக்கியே எடுக்க வேண்டும். எத்தனால் இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும் முன்பே பாக்டீரியா அதைச் சிதைத்துவிடும்.

காலைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. முந்தைய குளத்தின் சேறு பூட்ஸில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், இல்லாத நியூட் இருப்பதாக முடிவு வரும். அடிச்சேற்றைக் கிளறினால் வேறு தொல்லை: அதில் நாள்பட்ட டி.என்.ஏ. ஒட்டியிருக்கும், மட்கிய இலையின் ஹியூமிக் அமிலமோ, டி.என்.ஏ.வை நகலெடுத்துக் கண்டறியும் பி.சி.ஆர். வினையையே முடக்கும்.

கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன அதே பி.சி.ஆர்.தான். 12 முறை செய்வார்கள். ஒன்றில் தெரிந்தாலும் ‘உண்டு’. பன்னிரண்டிலும் தெரியாவிட்டால் உடனே ‘இல்லை’ என்று எழுதிவிட முடியாது. வினை முடங்கவில்லை, டி.என்.ஏ. சிதையவில்லை என்று துணைச் சோதனைகள் காட்ட வேண்டும். எத்தனை நியூட் என்பது இதில் தெரியாது. அதற்கு இன்றும் டார்ச்சும் பொறியும்தான்.

குளத்து நீரில் சில வாரங்களில் சிதையும் டி.என்.ஏ., எலும்பில் பல நூற்றாண்டு நிற்கும், துண்டு துண்டாக. துண்டுகளின் முனைகளில், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் கெட்டு, படிக்கும்போது தைமின் என்ற வேறு எழுத்தாகத் தெரியும். பழையதையும், தொட்டவர் கையிலிருந்து ஒட்டியதையும் பிரித்தறிய இந்தச் சேதமே உதவுகிறது.

பால்டிக் கடலில் அழிந்த ஸ்டர்ஜன் மீனை மீட்க நினைத்தவர்களுக்கு இந்தப் பழைய டி.என்.ஏ.தான் வழிகாட்டியது. அங்கே வாழ்ந்தது ஐரோப்பிய இனம் என்றே நம்பியிருந்தார்கள். அது வட அமெரிக்கக் கரையோர அட்லாண்டிக் ஸ்டர்ஜன் என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. பால்டிக்கில் கலக்கும் ஓடர் ஆற்றில் விடுவதற்கான மீன்கள், ஐரோப்பிய இனம் எஞ்சியிருக்கும் பிரான்ஸின் ஜிரோந்திலிருந்து வரவில்லை; கனடாவின் செயின்ட் ஜான் ஆற்றிலிருந்து வந்தன.