தெருவில் வராதது ஹாலில் வருவது ஏன்?

"நாலு மாச ஷிட்சு நாய்க்குட்டி. தடுப்பூசி எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் அரை மணி நேரம் தெருவில் நடத்துகிறேன், ஒரு சொட்டு சிறுநீர் விடாது. வீட்டுக்குள் வந்து பெல்ட்டைக் கழற்றினால் ஹால் நடுவில் குளம். வேண்டுமென்றே செய்கிறதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பக், டாஷண்ட், பொமரேனியன் வளர்ப்பவர்களும் இதையேதான் கேட்பார்கள். வேண்டுமென்று செய்வதில்லை. அந்தக் குட்டிக்குத் தெருவில் போக வருவதே இல்லை.

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். தண்டுவடத்தோடு முடிந்துவிடும் அனிச்சைச் செயல் அது. தாயில்லாக் குட்டிகளை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடச் சொல்வது இதற்காகத்தான். மூன்று வாரம் போல ஆனதும் குட்டி தானே போகும், படுக்கும் இடத்தைவிட்டுத் தள்ளியும் போகும். மூளையின் பிடி அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுகுகிறது.

இனி அந்தப் பிடி. சிறுநீர்ப்பைக்கு மூன்று நரம்பு வழிகள் உண்டு. உடலை விழிப்பில் வைக்கும் பரிவு நரம்பு பையின் சுவரைத் தளர்த்தி, அதன் கழுத்தை இறுக்கும், அது சேமிப்புக்கு. எதிர்ப்பரிவு நரம்பு சுவரைச் சுருக்கும், அது வெளியேற்றத்துக்கு. மூன்றாவது வழி வெளிப்புறச் சுருக்குத்தசைக்குப் போகிறது. சுருக்குப்பையின் கயிறு மாதிரி, அதை இழுத்துப் பிடிப்பதும் விடுவதும் நாயின் விருப்பம். மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் சிறுநீர் வரும். அந்த ஒத்துழைப்பை நடத்தும் ஸ்விட்ச் மூளைத்தண்டில், பான்ஸ் பகுதியில் இருக்கிறது. 1925-இல் ஃப்ரெடரிக் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பூனைகளில் இதை அடையாளம் கண்டார். இன்றும் அவர் பெயரால் பாரிங்டன் நியூக்ளியஸ் என்றுதான் அழைக்கிறார்கள்.

இந்த ஸ்விட்சின் அழகு, பை நிறைந்தது என்பதற்காக மட்டும் அது திரும்பாது என்பதில் இருக்கிறது. மேல்மூளையிடமிருந்து 'இந்த இடம் பத்திரம்' என்ற சம்மதமும் வர வேண்டும். குந்தி உட்கார்ந்திருக்கும் விலங்கால் உடனே ஓட முடியாதல்லவா? தெருவில் ஆட்டோ ஹாரன், எதிர்வீட்டு நாயின் குரைப்பு, கம்பத்தடியில் பத்துத் தெருநாய்களின் வாசனை. குட்டிக்குப் பயமோ குதூகலமோ, எதுவாக இருந்தாலும் பரிவு நரம்புதான் ஓங்கியிருக்கும். பையின் சுவர் தளர்ந்து, அழுத்தம் ஏறாமலே இன்னும் கொஞ்சம் சிறுநீரை வாங்கிக்கொள்ளும். கழுத்து இறுகியே இருக்கும். வீட்டுக்கு வந்து, பழகிய தரையில் கால் பட்டு, பெல்ட்டும் கழன்றால் பரிவு நரம்பு அடங்குகிறது. அரை மணி நேரம் தேங்கியது முட்டுகிறது, ஸ்விட்ச் திரும்புகிறது. பட்டாசுச் சத்தத்தில் நாய் ஒன்றுக்குப் போய்விடுகிறதே என்று கேட்கலாம். அது திடீர்ப் பீதி, அதன் கணக்கு வேறு. இங்கே நடப்பது நிதானமாக நீடிக்கும் விழிப்பு.

ஆகவே குட்டிக்குத் தெரு அலுத்துப்போக வேண்டும். உலாவப் போவது வேறு, ஒன்றுக்குப் போவது வேறு என்று பிரித்துவிடுங்கள். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட 5 முதல் 20 நிமிடங்களுக்குள்ளும் (இரைப்பை நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும்) தூக்கிக்கொண்டு கீழே போங்கள். நடக்க விட்டால் லிஃப்டிலேயே முடிந்துவிடும். தினமும் ஒரே மூலை, ஒன்றரை மீட்டர் வார். நீங்கள் மரம் மாதிரி நிற்க வேண்டும், பேசக் கூடாது, ஃபோனை எடுக்கக் கூடாது. 7, 8 நிமிடத்தில் வரவில்லையா? திரும்பி வாருங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மடியிலோ கூண்டிலோ 10 நிமிடம் வைத்திருந்து மறுபடி அதே மூலைக்குப் போங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது முறை பெரும்பாலும் வந்துவிடும். கூண்டு, குட்டி நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவில் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைக் கழிப்பறை ஆக்கிவிடும்.

குந்தியவுடன் "ஆஹா, நல்ல பிள்ளை" என்று கூவாதீர்கள். குட்டி பாதியில் சுருக்குத்தசையை இழுத்துக்கொண்டு உங்களிடம் ஓடி வரும். மீதிப் பாதி ஹாலில். முழுதாக முடித்து நிமிர்ந்த இரண்டு நொடிக்குள், சுண்டைக்காய் அளவு வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், கதவு தாண்டியதற்குக் கிடைத்த கூலி என்றுதான் நினைக்கும். முடித்ததும் உடனே மேலே கூட்டி வராமல் ஐந்து நிமிடம் உலாவ விடுங்கள். இல்லாவிட்டால், ஒன்றுக்குப் போனால் வெளியே இருப்பது முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டு அடக்கிவைக்கும். கைக்குழந்தைக்கு "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுக்கிறோமே, அது குட்டியிடமும் பலிக்கும்: போகத் தொடங்கும்போது மெல்லக் கொடுத்து வந்தால், சில வாரங்களில் சத்தமே தூண்டுதலாகிவிடும்.

சிறிய இனத்துக்கு ஏன் இத்தனை பாடு? 2 கிலோ நாய், 30 கிலோ நாயைவிட கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றல் செலவிடுகிறது. உள்ளே வந்து வெளியேறும் தண்ணீரும் அதே விகிதம். சிறுநீர்ப்பை மட்டும் எடைக்கு ஏற்பத்தான் வளர்கிறது, கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. வரை. மாத வயதுடன் ஒன்றைக் கூட்டி, அத்தனை மணி நேரம் தாங்கும் என்ற பொதுக்கணக்கில், சிறிய இனத்துக்குப் பகலில் ஒரு மணி நேரமாவது குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்துவைப்பது தப்பு, நம் வெயிலில் கொடுமையும்கூட.

எட்டு வாரத்திலிருந்தே குட்டியின் பாதம் ஒரு தரையைப் பழகிக்கொள்கிறது. நியூஸ்பேப்பரில் பழகியதற்குப் புல் அந்நியம். அதன் சிறுநீரில் நனைந்த பேப்பரில் ஒரு துண்டை மூலைக்குக் கொண்டுபோய்க் கல் வைத்துவிடுங்கள், நாளுக்கு நாள் சிறிதாக்குங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருமண்ணில் விடவே கூடாது. குட்டிகளின் உயிரையே பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். பால்கனியில் சுத்தமான மண் அல்லது புல் நிரப்பிய தட்டு போதும். சிறுநீரை உறிஞ்சும் பஞ்சு பேட் வேண்டாம், குட்டியின் பாதத்துக்குக் கால்மிதியும் பேடும் ஒன்றுதான்.

உள்ளே போய்விட்டால் ஃபினைலைத் தேடாதீர்கள். வாசனை நமக்குத்தான் மறையும், அதற்கு மறையாது. கறுப்பு ஃபினைலில் இருக்கும் ஃபீனால் வகைகள் பாதத்தை நக்கும் குட்டிக்கு நஞ்சும்கூட. ஒற்றியெடுத்து, தண்ணீரால் கழுவி, சிறுநீரின் வாசனையைச் சிதைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி 15 நிமிடம் ஈரமாக விடுங்கள். டைல்ஸ் இடுக்குகளில் கூடுதலாக ஊற்றுங்கள்.

மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "தப்பு செய்தது அதன் முகத்திலேயே தெரிகிறது" என்பார்கள். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த முகம் தப்பு செய்ததால் வரவில்லை, எஜமானர் திட்டியதால் வந்தது. நிஜமாகவே தப்பு செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அப்படித்தான் விழித்தது. தேய்க்கப்பட்ட குட்டி கற்பது ஒன்றே: மனிதர் பக்கத்தில் இருந்தால் போகாதே. பிறகு தெருவில், வார் முனையில் நீங்கள் நிற்கும்போது எப்படிப் போகும்? நாய் அண்டாது என்று வாசலில் நீலத்தண்ணீர் பாட்டில் தொங்கவிடுவதும் இதே ரகம். நாய்க்கு நீலம் நன்றாகவே தெரியும், அதைக் கண்டு பயப்படக் காரணம்தான் இல்லை. பாட்டிலடியிலேயே காலைத் தூக்கும் நாய்களைப் பார்த்தபிறகும் பாட்டில்கள் குறையவில்லை.

ஆட்களைக் கண்டதும் தலை தாழ்த்திச் சொட்டு விடும் குட்டிக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை. அது பணிவு, குனிந்து கொஞ்சாமல் இருந்தால் பெரும்பாலும் வளர வளர விட்டுவிடும். ஆனால் அடிக்கடி முக்கிக் கொஞ்சமாகப் போனால், ரத்தம் கலந்திருந்தால், பெண்குட்டிக்கு நாளெல்லாம் கசிந்துகொண்டே இருந்தால், தொற்றோ சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் தவறான இடத்தில் இணைந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது காலையில் பிடித்த சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள்.