தழுவலா, தகவமைவா?

பழங்குடிகளைப் பற்றிய எந்த அறிக்கை தமிழுக்கு வந்தாலும் ‘பண்பாட்டுத் தழுவல்’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. முதுவர் பழங்குடியினர் வாழும் கேரளத்தின் மறையூர், மூணாறு பக்கம் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘கல்ச்சுரல் அடாப்டேஷன்’. ‘பொருந்திய’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது அடாப்டேஷன். கல்ச்சருக்கு ‘பண்பாடு’ சரி. அதை ரசிகமணி டி.கே.சி. கொடுத்தார் என்பார்கள். சண்டை ‘தழுவல்’ மீதுதான்.

தமிழில் எதைத் தழுவுவோம்? பிள்ளையைத் தழுவலாம். மதம் தழுவலாம், பழையதை விட்டுவிட்டு இன்னொன்றை ஏற்பது அது. பிறமொழி நாடகத்தைத் தழுவி எழுதலாம், சரக்கு வேறொருவருடையது. அகராதியில் அடாப்டேஷனுக்குத் தழுவல் என்று இருப்பது இந்த நாடகக் கணக்கில்தான். அதைத் தூக்கி ‘முதுவர்களின் பண்பாட்டுத் தழுவல்’ என்று எழுதினால், அவர்கள் யாருடைய பண்பாட்டையோ எடுத்துக்கொண்டார்கள் என்றாகிவிடுகிறது.

நடந்தது வேறு. மலைச்சரிவில் இடம் மாற்றி மாற்றிக் கேப்பை விதைத்தவர்கள் முதுவர்கள். வனக் கெடுபிடி கூடியதும் அது சுருங்கியது. ஏலம் வந்தது, புல்தைலம் வந்தது. எலுமிச்சைப் புல்லை அறுத்துக் கொப்பரையில் திணித்து, தண்ணீர் விட்டுத் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்து இறங்க, தண்ணீர் மேல் தைலம் மிதக்கும். அதுதான் கைக்காசு. 2010-இல் இடமலக்குடி கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாகவும் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் மதுரையிலிருந்து வந்தோம் என்ற கதையும் தமிழை ஒட்டிய பேச்சும் அவர்களோடுதான் இருக்கின்றன. இதில் தழுவல் எங்கே?

பள்ளி உயிரியலில் ஒட்டகத்துக்குச் சொல்லும் ‘தகவமைப்பு’ இங்கே பொருந்தும். ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் வரும் அதே தகவு. மிருகத்துக்கான சொல்லை மனிதருக்குப் போடலாமா என்பவர்கள், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதைப் பார்க்கட்டும். ‘அமைப்பு’ என்றால் ஏதோ கட்டி முடித்ததுபோல ஒலிக்கிறது. எனக்கு ‘தகவமைவு’ பிடிக்கும். இலங்கையில் ‘இசைவாக்கம்’ என்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் யாரோ இசைய வைத்ததுபோல இருக்கிறது.

அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது? முதுவர்கள் தங்கள் ஊரைச் சொல்லும் ‘குடி’யைக் ‘குக்கிராமம்’ என்று மாற்றுவதும் இவர்கள்தான். குடி என்று போட்டால் வாசகர் சாராயம் என்று நினைத்துவிடுவாராம்.