பழைய கார் வாங்கும் முன் பதிவேட்டைப் பாருங்கள்

ஏ.சி. குளிர்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, எங்காவது டிங்கரிங் நடந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை எப்படியும் கூட அழைத்துப் போவோம். ஆனால் அந்தக் காரின் மேல் யாருக்குக் கடன் பாக்கி இருக்கிறது, எத்தனை கை மாறியது, அபராதம் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் பானட்டைத் திறந்தால் தெரியாது. அவை ஆர்.டி.ஓ. பதிவேட்டில் இருக்கின்றன. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ உங்கள் செல்போன் எண்ணைப் பதிந்துகொண்டு வண்டி எண்ணை அடித்தால் போதும். எந்த ஆர்.டி.ஓ.வில் எப்போது பதிவானது, என்ன எரிபொருள், பதிவும் இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எதுவரை செல்லும் என்பது வந்துவிடும். உரிமையாளர் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்துத்தான் காட்டுவார்கள். அதனால் விற்பவரையே அவருடைய போனில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைத் திறந்து ஆர்.சி.யைக் (பதிவுச் சான்றை) காட்டச் சொல்லுங்கள். கையில் இருக்கும் அட்டையும் திரையில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். "சிங்கிள் ஓனர்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அட்டையில் உரிமையாளர் வரிசை எண் 1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். பதிவான ஆண்டைச் சொல்லி விலை பேசுவார்கள், கார் அதற்கு முந்தைய ஆண்டிலேயே தயாராகியிருக்கும்.

நான் முதலில் பார்ப்பது ஹெச்.பி., அதாவது கடன் கொடுத்தவரின் பெயர் ஆர்.சி.யில் பதிவாகி இருக்கிறதா என்பதைத்தான். என் சித்தப்பா முதன்முதலில் கார் வாங்கியபோது, ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. "லோன் எப்பவோ முடிஞ்சுது அண்ணே, ஹெச்.பி. கேன்சல் மட்டும்தான் பாக்கி" என்று விற்றவர் சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். கடைசி மூன்று தவணை கட்டப்படவே இல்லை. எட்டு மாதம் அவர் பெயருக்கு ஆர்.சி. மாறவில்லை. கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. கடன் முடிந்திருந்தால் வங்கி என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கொடுக்கும். அவற்றை வைத்து ஹெச்.பி.யை நீக்குவது விற்பவரின் வேலை. அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், அப்புறம் விலை பேசலாம்.

அபராதங்களை இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்று அறிய, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவை இருக்கிறது. அதில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வேண்டும். அந்த எண்களை ஆர்.சி.யைப் பார்த்து எழுதாமல் வண்டியிலிருந்தே எடுங்கள். சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பதினேழு எழுத்தும் அச்சாகிவிடும். ஓர் எழுத்து மட்டும் ஆழமாக விழுந்தாலோ, சுற்றிலும் அரத்தால் ராவிய தடம் தெரிந்தாலோ, அந்தப் பேரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

விபத்து விவரத்தைப் பரிவாகன் காட்டாது. அதற்குப் பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேளுங்கள். கிளெய்ம் வாங்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஆறு வருடக் காரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் போன வருடம் கிளெய்ம் வாங்கியிருப்பார்கள், இல்லை இன்சூரன்ஸை இடையில் விட்டிருப்பார்கள். எது என்று கேட்க வேண்டும். அந்த போனஸ் உரிமையாளருக்குச் சேர்ந்தது, காரோடு உங்களுக்கு வராது. சென்னைக் கார் என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ள நாட்களை ஒட்டி ஏதாவது பெரிய வேலை நடந்ததா என்று சர்வீஸ் பில்களில் தேடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம்.

டி போர்டாக ஓடி ஓன் போர்டாக மாற்றிய வண்டியா என்பதையும் கேளுங்கள். வாடகைக்கு ஓடிய வண்டியின் தேய்மானமே வேறு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 2012-ல் பதிவான கார் 2027-ல் சோதனைக்குப் போய் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, இல்லாமல் தொடாதீர்கள். இங்கே கட்ட வேண்டிய வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30. விற்பவர் ஒரே மாநிலத்துக்குள் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளில். கையெழுத்து போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. 2007-ல் விற்கப்பட்டு, அதன்பின் பல கை மாறிய ஒரு கார் 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்றவருக்கும் இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி என்று எடுத்துச் சொல்லுங்கள், அவரே வேகமாக ஆர்.டி.ஓ.வுக்கு வருவார். இன்சூரன்ஸையும் 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பெயர் மாறியிருந்தால்தான் பணம் வரும்.

கன்சல்டிங், அதாவது பழைய கார் வியாபாரிகள் மூலம் வாங்குவதாக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மத்திய விதிப்படி அவர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் காரை அவர்களிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் இணையத்தில் பதிவாக வேண்டும். அந்தச் சான்றையும் பதிவையும் கேட்டுப் பாருங்கள்.

சித்தப்பா இரண்டாவது கார் வாங்கியபோது, பேசிய விலையில் பத்தாயிரம் ரூபாயை நிறுத்தி வைத்து, பெயர் மாறியதும் தருவதாக ரசீதிலேயே எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் அவர் பெயரில் ஆர்.சி. வந்தது. அன்று சாயங்காலமே பத்தாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.