கார்ட்ரிட்ஜைத் திறப்பதற்கு முன் சேவ் ஃபைலை எடுத்துவிடுங்கள்

பழைய வீடியோ கேம் கன்சோல்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். தொழிலாவதற்கு முன்பே அவற்றின் மேல் எனக்குத் தீராத ஆசை. சூப்பர் மெட்ராய்டு, க்ரோனோ ட்ரிக்கர், போகிமான் கோல்டு, இந்த மூன்றையும் எத்தனை முறை விளையாடியிருப்பேன் என்று கணக்கே இல்லை. மூன்றுமே நாம் விளையாடிய இடத்தை (அதைத்தான் சேவ் என்கிறோம்) நினைவில் வைத்துக்கொள்ள, கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது கன்சோலில் செருகும் கேம் பெட்டிக்குள், இருக்கும் ஒரு சின்ன பட்டன் பேட்டரியை நம்பியிருக்கின்றன. இது பலருக்குத் தெரிவதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒருவர் போகிமான் கோல்டு கார்ட்ரிட்ஜோடு வந்தார். பேட்டரி தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்ல, கத்தியால் நெம்பிக் கழற்றி, அந்தப் பேட்டரியைத் தாளில் மடித்துக் கூடவே கொண்டுவந்திருந்தார். "புதுசு மட்டும் வெச்சுக் குடுங்க, உள்ளே எங்க அண்ணன் சின்ன வயசுல விளையாடினது இருக்கு" என்றார். அந்தப் பழைய பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 2.9 வோல்ட் காட்டியது. கழற்றாமல் விட்டிருந்தால் அண்ணனின் ஆட்டம் அப்படியே இருந்திருக்கும். கழற்றிய பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, அதை அவரிடம் சொல்வது எனக்கே கஷ்டமாக இருந்தது.

கேம் இருப்பது ரோம் சிப்பில், அதற்கு மின்சாரம் வேண்டாம், பத்தாண்டுகள் கடந்தும் நிற்கும். நம்முடைய சேவ் இருப்பதோ எஸ்ரேம் என்ற வேறொரு சிப்பில், துளி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கு நினைவு. பேட்டரியை எடுத்தால் அழிந்துவிடும், அழிந்ததை மீட்க வழியில்லை. 1999-இல் வந்த போகிமான் கோல்டு, சில்வர் இரண்டிலும், கேம்பாய் என்ற நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலை அணைத்த பிறகும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அவற்றின் பேட்டரி முந்தைய போகிமான் ரெட், ப்ளூவை விடச் சீக்கிரம் தீரும். க்ரோனோ ட்ரிக்கரில் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உண்டு, ஒருமுறை முடித்த சேவ் இருந்தால்தான் அதே வலிமையோடு மறுபடி தொடங்கி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும், அந்த சேவ் போனால் எத்தனை நாள் உழைப்பு போகிறது என்று விளையாடியவர்களுக்குத் தெரியும்.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கார்ட்ரிட்ஜ் ரீடர் (கார்ட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி) வைத்து சேவ் ஃபைலைக் கணினிக்கு எடுங்கள். அப்புறம்தான் திருகைத் தொட வேண்டும் (நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் பலவற்றுக்கு 3.8 மிமீ கேம்பிட் என்ற தனி ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும், சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முயன்றால் திருகுத் தலை சிதைந்துவிடும்). புதிய பேட்டரி இரு பக்கமும் தகடு பற்றவைத்தே விற்பதாக இருக்கட்டும். வெறும் பேட்டரி மேல் நேராக சால்டரிங் செய்தால் சூட்டில் அது வெடிக்கலாம். செல்லோடேப் ஒட்டி வைத்த பேட்டரிகளும் என்னிடம் நிறைய வருகின்றன, ஒரு தட்டுத் தட்டினாலே தொடர்பு விட்டு சேவ் போய்விடும். கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

எல்லாவற்றையும் திறக்க வேண்டியதும் இல்லை. 2002-இல் வந்த போகிமான் ரூபி, சஃபையரில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் செய்தி வரும், பலர் பதறிவிடுகிறார்கள். அதில் சேவ் இருப்பது ஃப்ளாஷ் நினைவகத்தில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். பிளேஸ்டேஷன் 1 மெமரி கார்டிலும் பேட்டரி கிடையாது. ஆனால் 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் இருந்தால் கட்டாயம் திறந்து பாருங்கள், உள்ளே கடிகாரத்துக்கென இருக்கும் கெபாசிட்டர் கசிந்து போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். முதல் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் அதைக் கழற்றி எறிந்தாலும் கேம் ஓடும், நேரம் மட்டும் மறந்துபோகும்.

கார்ட்ரிட்ஜை ஊதுவதையும் விட்டுவிடுங்கள். ஊதியதால் ஓடுவதில்லை, வெளியே எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் ஓடுகிறது. வாயின் ஈரம் பின்களை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

பேட்டரி மாற்றிய உடனே பழைய சேவ் ஃபைலைத் திரும்ப ஏற்ற அவசரப்படாதீர்கள். புதிதாக ஒரு சேவ் போட்டு, அணைத்து, கார்ட்ரிட்ஜை உருவி ஓரிரு நாள் வெளியே வைத்துவிட்டுப் பாருங்கள், அது அப்படியே இருந்தால் பழையதை ஏற்றலாம். முதல் ஜெல்டா கேமின் நின்டெண்டோ கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று: அணைக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணையுங்கள், இல்லையென்றால் மின்சாரம் இறங்கும் அந்த நொடியில் கன்சோல் சேவ் மேல் கண்டதை எழுதிவிடக்கூடும்.