மாநிலப் போலீஸின் தகவல் மையம்: யார் பெயர் ஏறலாம், யார் பெயர் ஏறக்கூடாது?

2001 ஏப்ரல் 1. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வேகமாகப் போன காரை நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர் நிறுத்தினார். ஓட்டுநரின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அபராதச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டார். ஓட்டியவர் நவாஃப் அல் ஹஸ்மி. ஐந்து மாதம் கழித்து, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதிய விமானத்தைக் கடத்தியவர்களில் அவரும் ஒருவர். அவர் அமெரிக்காவுக்குள் வந்தது 2000ஆம் ஆண்டிலேயே உளவு அமைப்பான சிஐஏவுக்குத் தெரியும். சாலையில் நின்ற காவலருக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான் 'ஃபியூஷன் சென்டர்' எனும் தகவல் மையங்கள். இன்று நாடு முழுக்க சுமார் 80 இருக்கின்றன. நடத்துவது பெரும்பாலும் மாநிலப் போலீஸ். மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை மானியமும் ஆட்களும் தருகிறது. உள்ளூர் போலீஸ் சொல்வதையும் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தேவையானவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதுதான் வேலை. மெய்ன் மாநிலத்தில் இது 2006இல் ஆளுநர் ஜான் பால்டாச்சியின் உத்தரவால் வந்தது.

சரி, யாரைப் பற்றி வேண்டுமானாலும் கோப்பு திறக்கலாமா? கூடாது. மத்திய அரசு விதித் தொகுப்பின் 28ஆம் தலைப்பு, 23ஆம் பகுதி இதற்கு வரம்பு கட்டுகிறது. மத்திய நிதியில் இயங்கும் குற்ற உளவுத் தரவுத்தளத்தில் ஒருவர் பெயரை ஏற்ற, அவருக்குக் குற்றச்செயலில் தொடர்பு உண்டு என்று நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். வெறும் ஊகம் போதாது. அவருடைய அரசியல், மத, சமூகக் கருத்துகள் அந்தக் குற்றத்தோடு நேரடியாகத் தொடர்பு உள்ளவை என்றால் மட்டுமே பதியலாம். ஐந்து ஆண்டுக்குள் மறுபரிசீலனை செய்து, இன்னும் தேவை என்று உறுதிப்படாததை அழித்துவிட வேண்டும். ஊர்வலத்தில் கொடி பிடித்தவர் பெயர் அங்கே இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். என்னைக் கேட்டால், மையத்தைவிட இந்த விதிதான் மக்களுக்கு முதலில் தெரிய வேண்டியது.

ஏனென்றால் விதி தானாகக் காப்பாற்றாது. 2020 ஜூனில் பல போலீஸ் அமைப்புகளின் 269 ஜிபி கோப்புகள் கசிந்தன. கறுப்பின மக்களுக்காக நடந்த போராட்டங்கள் பற்றி மெய்ன் மையம் அனுப்பிய அறிக்கைகளும் அதில் இருந்தன. அதே ஆண்டு, மையம் விதிமீறித் தகவல் சேர்ப்பதாகச் சொன்னதற்காகத் தன்னைப் பழிவாங்கினார்கள் என்று ஒரு மாநிலக் காவலரே வழக்குப் போட்டார். 2022இல் ஜூரி அவர் பக்கம் நின்றது. 2021இல் மையத்தையே மூட மாநிலக் கீழவை வாக்களித்தது. மேலவை ஒப்புக்கொள்ளவில்லை.

மெய்னில் அரசு அமைப்புகளின் பொதுப் பதிவுகளைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு; இந்த மையத்திடமும் கேட்கலாம். மனு கிடைத்ததை ஐந்து வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். நடப்பு விசாரணையைக் கெடுக்கும் தகவலைத் தர மாட்டார்கள். ஆனால் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதத்தை, கிடைத்த தேதியோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் சுப்பீரியர் கோர்ட் எனும் மாநில நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.