மசோதா நிறைவேறியது என்றால் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதா?

2024 ஜனவரி முதல் வாரத்தில் பல மாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை ஓரங்கட்டிவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. விபத்தில் ஓர் உயிர் போனபின், போலீசுக்கோ நீதித்துறை நடுவருக்கோ தகவல் சொல்லாமல் ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்று புதிய சட்டத்தில் இருந்ததுதான் பிரச்சினை. "புதுச் சட்டம் வந்துவிட்டது" என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் அன்றைய தேதியில் அந்தச் சட்டம் அமலில் இல்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது, குடியரசுத் தலைவரும் கையெழுத்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து, 2024 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தபோது, ஓட்டுநர்கள் எதிர்த்த 106(2) என்ற உட்பிரிவு மட்டும் சேர்க்கப்படவில்லை.

அது எப்படி, ஒரு சட்டத்தில் ஒரு உட்பிரிவை மட்டும் வெளியே நிறுத்திவைக்க முடியும்? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டம் செய்யும் விதத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும். வழிகாட்டியாக இந்த பாரதிய நியாய சன்ஹிதாவையே, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டத்தையே, கையோடு கூட்டிப்போகலாம்.

நாடாளுமன்றம் என்றதும் இரண்டு அவைகள் நினைவுக்கு வரும். அரசமைப்பின் 79வது பிரிவின்படி அது மூன்று உறுப்புகள் சேர்ந்தது: மக்களவை, மாநிலங்களவை, குடியரசுத் தலைவர். மக்களவையில் 543 இடங்கள், தமிழ்நாட்டுக்கு 39, புதுச்சேரிக்கு 1. ஆயுள் ஐந்து ஆண்டு. மாநிலங்களவையில் 245 இடங்கள். அதில் 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 12 பேர் நியமன உறுப்பினர்கள். தமிழ்நாட்டின் பங்கு 18. இந்த அவை கலைவதே இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வுபெற, புதியவர்கள் வருவார்கள். மக்களவையைச் சபாநாயகரும் மாநிலங்களவையைக் குடியரசுத் துணைத் தலைவரும் நடத்துகிறார்கள்.

எல்லா விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போட முடியாது. ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று பிரித்திருக்கிறார்கள். குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு தரப்பும் சட்டம் செய்யலாம், மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு செய்த திருத்தம் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது.

சரி, மசோதா எங்கே பிறக்கிறது? பெரும்பாலும் ஏதோ ஒரு அமைச்சகத்தில். "அமைச்சரவை ஒப்புதல்" என்று செய்தி வந்தால், அரசு அதை அவைக்குக் கொண்டுபோக முடிவெடுத்திருக்கிறது என்றுதான் பொருள். சட்டம் என்ற நிலைக்கு அது இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. வரைவை 30 நாளாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டக் கட்டாயம் அல்ல. அதனால் கடைப்பிடிப்பதும் விடுவதும் அமைச்சகத்தின் மனதைப் பொறுத்தது.

அமைச்சர் அல்லாத உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை மதியம் அதற்கென்றே நேரம் உண்டு. ஆனால் நாடு விடுதலை பெற்றதிலிருந்து அப்படிச் சட்டமானவை 14தான், கடைசியாக ஆனது 1970இல். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காக திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது. மக்களவையில் அது கரை சேரவில்லை.

அவையில் மசோதாவுக்கு மூன்று வாசிப்புகள். முதல் வாசிப்பு என்பது தாக்கல். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், விவாதம் இருக்காது. எதிர்ப்பு பலமாக இருந்தால் தாக்கலுக்கே வாக்கெடுப்பு நடக்கும். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான மசோதாவுக்கு 2024 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது: ஆதரவு 269, எதிர்ப்பு 198. அடுத்த நாள் அதை வைத்து வெற்றி என்றும் தோல்வி என்றும் இரு பக்கமும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டார்கள். தாக்கல் செய்யச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்த மசோதா நிறைவேற வேறு கணக்கு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாரதிய நியாய சன்ஹிதா 2023 ஆகஸ்ட் 11 அன்று மக்களவையில் தாக்கலானது. அங்கிருந்து உள்துறைக்கான நிலைக்குழுவுக்குப் போனது. நாடாளுமன்றத்தின் உண்மையான வேலை நடக்கும் இடம் இந்தக் குழுக்கள்தான் என்பது என் எண்ணம். துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கேமரா கிடையாது. அதனால் கேமராவுக்காகப் பேசவேண்டிய அவசியமும் கிடையாது. அதிகாரிகளையும் துறை அறிந்தவர்களையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள், ஒவ்வொரு பிரிவாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பதும் உண்டு; ஒரு சாதாரணக் குடிமகனின் கடிதம் சட்டத்தின் வரிகளைத் தொடக்கூடிய இடம் அநேகமாக இது ஒன்றுதான். இவை தவிர, குறிப்பிட்ட ஒரு மசோதாவுக்காக மட்டும் தேர்வுக்குழுவோ, இரு அவைகளின் கூட்டுக்குழுவோ அமைப்பதும் உண்டு.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வீண் போவதில்லை. உள்துறைக் குழு நவம்பரில் அறிக்கை தந்தது. டிசம்பரில் அரசு பழைய மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டு, மாற்றங்களோடு புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. வருத்தம் என்னவென்றால், எல்லா மசோதாவும் குழுவுக்குப் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 17வது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சுருங்கியது.

இரண்டாம் வாசிப்பில்தான் பொது விவாதமும், பிரிவுவாரியாகத் திருத்தங்கள் மீதான வாக்கெடுப்பும். மூன்றாவது வாசிப்பில் மசோதாவை முழுதாக ஏற்பதா, வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் போதும், மக்களவையில் 55 பேர். பெரும்பாலும் "ஆம்" என்பவர்களின் குரலையும் "இல்லை" என்பவர்களின் குரலையும் வைத்து அவைத் தலைவர் முடிவு சொல்லிவிடுவார். இந்தக் குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பதற்குப் பதிவே இருக்காது. உறுப்பினர் யாராவது கோரினால்தான் எண்ணி வாக்கெடுக்க வேண்டும். 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது எழுந்த ரகளையும் இதைப் பற்றித்தான்.

"எங்கள் எம்.பி. ஏன் இதை எதிர்த்து ஓட்டுப் போடவில்லை?" என்று கேட்பவர்கள், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடும் கொறடாவை மறந்துவிடுகிறார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி பறிபோகலாம். மனசாட்சி ஒருபக்கம் இழுத்தாலும் கை கட்சி சொன்ன பொத்தானைத்தான் அழுத்தும்.

நம் மசோதா 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் ஆகியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூற்றாண்டுக்கு மேல் நின்ற சட்டத்தை மாற்றும் விவாதத்துக்கு அரை அவை காலியாக இருந்ததுபோலத்தான் தோன்றியது.

ஓர் அவை நிறைவேற்றியதை மற்றது ஏற்காவிட்டால் அல்லது ஆறு மாதத்துக்கு மேல் கிடப்பில் போட்டால், குடியரசுத் தலைவர் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். இதுவரை மூன்று மசோதாக்களுக்குத்தான் அது தேவைப்பட்டது: 1961இல் வரதட்சணைத் தடை, 1978இல் வங்கிப் பணி ஆணைய நீக்கம், 2002இல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. பண மசோதா என்றால் இந்த வேலையே இல்லை. வரி, அரசின் செலவு போன்றவை மட்டுமே அடங்கியது பண மசோதா. அது பண மசோதாவா என்பதைச் சபாநாயகர் சான்றளிக்கிறார். மாநிலங்களவை 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். அது சொல்லும் திருத்தங்களை மக்களவை தள்ளிவிடலாம். 2016இல் ஆதார் மசோதாவுக்கு அப்படித்தான் ஆனது. ஆதாரைப் பண மசோதா என்று வகைப்படுத்தியது சரியா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 2018இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அரசின் பக்கம் நின்றது.

அரசமைப்பைத் திருத்த வேண்டுமானால் கணக்கு வேறு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும், அதுவும் ஒவ்வொரு அவையிலும் தனித்தனியாக. கூட்டுக் கூட்டம் இங்கே உதவாது. மேலே சொன்ன ஒரே தேர்தல் மசோதாவுக்கு வாக்களித்த 467 பேரை வைத்துப் பார்த்தால் 312 வாக்குகள் வேண்டும்; கிடைத்தது 269. கூட்டாட்சி அமைப்பைத் தொடும் சில திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். ஜிஎஸ்டிக்கான 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிப் போய் வந்ததுதான்.

மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதாக்கள் காலாவதி. மாநிலங்களவையில் தொடங்கி அங்கேயே நிற்பவை பிழைத்துக்கொள்ளும். 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றிய மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா, மக்களவையில் கிடந்து 2014இல் மாண்டுபோனது இந்த விதியால்தான்.

இரு அவைகளும் தாண்டினால் குடியரசுத் தலைவர். கையெழுத்திடலாம், அல்லது பண மசோதாவும் அரசமைப்புத் திருத்த மசோதாவும் அல்லாததை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் மறுக்க முடியாது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் அப்படியே மறுபடி அனுப்ப, கையெழுத்திட்டார். ஆனால் இத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று அரசமைப்பில் கெடு இல்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி 1986ஆம் ஆண்டின் அஞ்சல் திருத்த மசோதாவை அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடாமலே வைத்துவிட்டார்.

நம் சன்ஹிதாவுக்கு 2023 டிசம்பர் 25 அன்று ஒப்புதல் கிடைத்தது, அரசிதழிலும் வந்தது. இப்போது அது சட்டம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் படிக்க வேண்டியது முதல் பிரிவு. சன்ஹிதாவின் முதல் பிரிவில், மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும், வெவ்வேறு விதிகளுக்கு வெவ்வேறு தேதி குறிக்கலாம் என்று இருக்கிறது. லாரிகள் நின்றபோது, சரக்குப் போக்குவரத்துச் சங்கத்தினரிடம் பேசிய பிறகே 106(2) பற்றி முடிவெடுப்போம் என்று உள்துறைச் செயலர் உறுதி சொன்னார். பிப்ரவரியில் வந்த அறிவிக்கை அந்த உட்பிரிவை விட்டுவிட்டு மற்றதற்கு ஜூலை 1 என்று தேதி போட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய வரி, அரசின் மேசையில் காத்திருந்தது.

இது விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2019, 2020இல் நிறைவேறின. அமலுக்கு வந்ததோ 2025 நவம்பர் 21 அன்று. 2023இல் மக்களவையில் 454 பேர் ஆதரித்து, 2 பேர் மட்டுமே எதிர்த்த மகளிர் இட ஒதுக்கீட்டுத் திருத்தத்தில், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்மேல் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் ஒதுக்கீடு என்று அப்போதே எழுதியிருந்தார்கள்.

நேர் எதிரானது அவசரச் சட்டம். அவை கூடாத நாட்களில் அமைச்சரவை சொல்ல, குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது, உடனே அமலாகும். அவை கூடிய ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால் செத்துவிடும்.

இன்னொரு படி பாக்கி. சட்டம் எலும்புக்கூடு மாதிரி. எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எந்த அதிகாரி என்பதெல்லாம் விதிகளில் வரும். விதிகளை எழுதுவது அமைச்சகம். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2020 ஜனவரி 10 அன்று அமலுக்கு வந்தது, ஆனால் விதிகள் 2024 மார்ச் 11 அன்றுதான் வெளியாயின. அதுவரை அதன்கீழ் விண்ணப்பிக்க வழியே இல்லை. இப்படி எழுதும் விதிகளை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும் என்று பெரும்பாலான சட்டங்கள் சொல்கின்றன. அந்த நாட்களில் எந்த உறுப்பினரும் எழுந்து திருத்தம் கேட்கலாம். அன்றாட வாழ்க்கையில் நம்மைத் தொடுவது பெரும்பாலும் இந்த விதிகள்தான். மேசையில் வைக்கப்படும் அந்தக் கட்டுகளை எடுத்துப் புரட்டுகிறவர்கள் மிகச் சிலர்.